நான் வெட்டிய இரண்டு சொற்கள்

இந்தக் கல்வித் தவணையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் 'அடிப்படை எழுத்துத் தமிழ்' வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். வாழ்த்துகள். கூடவே கொஞ்சம் அனுதாபமும். நம் கல்லூரியில் யாரும் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்காத வகுப்பு அது. இலக்கியம் நடத்துகிறவர்களுக்கு ஆசிரியர் தினத்தன்று பூங்கொத்து வரும். வாக்கியம் எங்கே முடிய வேண்டும், பத்தி எங்கே தொடங்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிற நமக்கு, "டீச்சர், என் மார்க்கை மறுபடியும் கூட்டிப் பார்க்க முடியுமா?" என்ற கேள்விதான் வரும்.

இருபத்தாறு ஆண்டுகள் அந்த வகுப்பை நடத்திவிட்டுப் போன ஆண்டு ஓய்வு பெற்றேன். பாடத்திட்டம் உங்கள் கையில் இருக்கிறது, அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அந்த வகுப்பில் நான் செய்த மிகப் பெரிய தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஆயிரத்து நூறு எலுமிச்சைச் சாதப் பொட்டலங்கள் சம்பந்தப்பட்ட தவறு என்பதால் உங்களுக்கு மறக்காது.

ஓய்வுக்கு நான்கு ஆண்டுகள் இருக்கும்போது, பாலர்பள்ளிக் கல்வி டிப்ளோமா வகுப்பில் தனலெட்சுமி என்று ஒருவர் சேர்ந்தார். வயது ஐம்பத்தெட்டு, என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் முப்பது ஆண்டுகள் வேலை செய்து, நாற்பது பெண்களை மேய்க்கும் பொறுப்புக்கு உயர்ந்து, அங்கிருந்து விலகி, கடலுக்கு அக்கரையில் பட்டர்வொர்த்தில் தம் வீட்டு முன்கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையைத் தொடங்கியிருந்தார். வாசலில் 'பாலர்பள்ளி' என்று முறையாகப் பலகை மாட்ட வேண்டுமென்றால் டிப்ளோமா வேண்டும். அதற்காகப் பிள்ளைகளைத் தம் தங்கையிடம் விட்டுவிட்டு, வகுப்புள்ள நாள்களில் காலையில் ஃபெர்ரி ஏறி ஜார்ஜ் டவுனுக்கு வருவார். வகுப்பில் மற்ற எல்லாருக்கும் இருபது வயதுதான். அவர்கள் அவரைத் தனம் அக்கா என்றார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அவர் என்னை டீச்சர் என்றார். எங்கள் இருவரையும் பார்க்கிறவர்களுக்கு யார் யாருக்குப் பாடம் நடத்துகிறார் என்று கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும்.

முதல் வகுப்பிலேயே கையைத் தூக்கினார். எழுவாய் இல்லாமல் வாக்கியம் இல்லை என்று நான் முழங்கி முடித்திருந்தேன்.

"டீச்சர், 'சாப்ட்டீங்களா'ன்னு கேக்குறோமே, இதுல எழுவாய் எங்க?"

"'நீங்க'ங்கிறதுதான் எழுவாய் அக்கா. வெளியில தெரியாது. அதுக்குப் பேரு தோன்றா எழுவாய்."

"ஆளு கண்ணுக்குத் தெரிய மாட்டாரு, ஆனா அவரு பேருல வேலை நடக்கும்?"

"ஆமா."

"எங்க ஃபேக்டரி மேனேஜர் மாதிரி லா," என்றார். வகுப்பு ஐந்து நிமிடம் சிரித்தது. தோன்றா எழுவாயை அந்த வகுப்பில் யாரும் அதற்குப் பிறகு மறக்கவில்லை. இருபத்திரண்டு ஆண்டுகளாக நான் கொடுத்துவந்த எடுத்துக்காட்டுகளைவிட அந்த ஒன்று நன்றாக வேலை செய்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பேச்சில் இப்படி இருப்பவர் எழுத்தில் வேறு மாதிரி. 'நான் கல்லூரிக்கு வரும் வழி' என்று ஒரு பத்தி எழுதச் சொன்னேன். ஒன்றரைப் பக்கத்துக்கு ஒரே வாக்கியம் எழுதியிருந்தார். காலையில் எழுந்து, குளித்து, சாமி கும்பிட்டு, பிள்ளைகளுக்குப் பால் கலக்கி, தங்கையிடம் சாவியைக் கொடுத்து, ஃபெர்ரியில் ஏறி, காற்று வாங்கி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த சீனத்து ஆன்டியிடம் மலாயில் ஊர்க்கதை பேசி, அவர் கொடுத்த கச்சான் கடலையைத் தின்று, தோலை எங்கே போடுவது என்று தெரியாமல் கைப்பையில் போட்டு... பக்கம் ஒரு காற்புள்ளியோடு முடிந்திருந்தது.

"அக்கா, இதுல பயனிலை எங்க?"

"இன்னும் கரை வரலையே டீச்சர்."

நான் சிவப்புப் பேனாவை எடுத்து அதைப் பதினொரு வாக்கியங்களாக வெட்டினேன். எழுவாய் இல்லாத இடத்தில் எழுவாய் போட்டேன். இரண்டு முறை வந்த சொல்லை ஒரு முறையாக்கினேன். கச்சான் தோலை நீக்கினேன். மாணவர்கள் எனக்குக் 'கத்தரி டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தது எனக்குத் தெரியும். அதில் எனக்குப் பெருமைதான். தேவையில்லாத ஒரு சொல்லைக்கூட என் கண்ணில் படாமல் யாராலும் கடத்திக்கொண்டு போக முடியாது.

தனம் அக்கா திருத்திய தாளை மெதுவாக வாசித்தார். "நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா காத்து நின்னுபோச்சு," என்றார்.

நான் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டேன். அவர் எனக்குக் கொடுத்த எச்சரிக்கை அது. உங்கள் வகுப்பில் யாராவது இப்படிச் சொன்னால், தயவுசெய்து பேனாவைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை வாசியுங்கள்.

தைப்பூசம் வந்தது. தண்ணீர்மலை அடிவாரச் சாலையில் நம் கல்லூரி ஆண்டுதோறும் தண்ணீர்ப்பந்தல் போடுவது உங்களுக்குத் தெரியும். மோரும் பானகமும் கல்லூரிச் செலவு. காலையில் முதலில் வருகிறவர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம் எலுமிச்சைச் சாதத்தை முன்னாள் மாணவர்களின் குடும்பங்கள் செய்து தருவார்கள். அதற்கான அறிவிப்பை எழுதும் வேலையை என் வகுப்புக்குப் பயிற்சியாகக் கொடுத்தேன். எல்லாரும் எழுதினார்கள். தனம் அக்காவின் தாளைத் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் அது ஒன்றுதான் 'இறைவன் அருளால்' என்று ஆரம்பிக்காமல் நேராக விஷயத்துக்கு வந்திருந்தது. அவர் எழுதியிருந்தது இது:

'தைப்பூசத்துக்கு நம்ம பந்தல்ல குடுக்க எலுமிச்சை சாதம் வேணும். செய்ய முடிஞ்சவங்க பேர் குடுங்க. பேர் குடுத்தவங்க எல்லாரும் சேர்ந்து நூறு பொட்டலம் செஞ்சா போதும். காலைல ஒன்பது மணிக்குள்ள கொண்டாந்துடுங்க.'

பேச்சுத்தமிழில் எழுதிவிட்டார் என்பதற்காகப் பத்துக்கு நான்கு போட்டேன். பிறகு திருத்தினேன்:

'தைப்பூசத்தை முன்னிட்டு நமது பந்தலில் வழங்குவதற்கு எலுமிச்சைச் சாதம் தேவைப்படுகிறது. செய்து தர இயன்றோர் பெயரைப் பதிவு செய்க. பதிவு செய்தோர் நூறு பொட்டலங்களைக் காலை ஒன்பது மணிக்குள் கொண்டு வருக.'

எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, ஒற்று எல்லாம் மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருக்கிறது. 'எல்லாரும் சேர்ந்து' என்ற இரண்டு சொற்கள் மட்டும் இல்லை. 'பதிவு செய்தோர்' என்று பன்மையில் சொல்லிவிட்ட பிறகு அவை எதற்கு என்று வெட்டியிருந்தேன். தனம் அக்கா அந்தத் திருத்தத்தை அப்படியே கைப்பேசியில் தட்டி, முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் தம் பெயரோடு போட்டார். பதினொரு குடும்பங்கள் பெயர் கொடுத்தன. அதில் ஒருவர், "நூறா?" என்று கேட்டிருந்தார். இன்னொருவர், "சாமி காரியம், செஞ்சிடலாம்," என்று பதில் போட்டிருந்தார். நானும் அதைப் பார்த்தேன். என்ன பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

தைப்பூசத்தன்று காலை எட்டேகாலுக்கு முதல் குடும்பம் வந்தது. நூறு பொட்டலம். ஒரே குடும்பம் மொத்தத்தையும் செய்துவிட்டதே என்று நெகிழ்ந்து நன்றி சொன்னேன். பத்து நிமிடத்தில் இரண்டாவது குடும்பம், இன்னொரு நூறு. அதற்கும் நெகிழ்ந்தேன். மூன்றாவது குடும்பம் ஒரு தள்ளுவண்டியில் கொண்டுவந்தது. நான் நெகிழ்வதை நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்கினேன். நான்காவதாக வந்தவர் ஒரு முன்னாள் மாணவியின் கணவர், நல்ல வாட்டசாட்டமான ஆள். இரண்டு ஐஸ் பெட்டிகளைத் தொப்பென்று இறக்கிவைத்துவிட்டு, வியர்வையைத் துடைத்தபடி, "வீட்ல நாலு மணிக்கே எழுந்து செஞ்சாங்க டீச்சர். நூறு சரியா இருக்கும்," என்றார்.

"நீங்களும் நூறா?"

"நீங்கதானே ஆளுக்கு நூறுன்னு கேட்டீங்க!" அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். என் வாக்கியத்தை முதன்முறையாக, அதை எழுதாத ஒருவருடைய கண்ணால் வாசித்தேன். அவர் சொன்னது சரி. அந்த வாக்கியம் ஆளுக்கு நூறு என்றுதான் சொல்லியது.

ஒன்பது மணிக்குப் பந்தலுக்குள் நிற்க இடமில்லை. மோர் அண்டாவுக்குப் பின்னால், மேசைக்கு அடியில், நாற்காலிகளின் மேல் எங்கும் எலுமிச்சைச் சாதம். பக்கத்துப் பந்தலில் புளிச் சாதம், எதிர்ப் பந்தலில் சுடச்சுட இட்லி. பக்தர்களிடம் நீட்டினால், "இப்பத்தான் சாப்ட்டோம்," என்று கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நம் ஊர் வெயிலில் பொட்டலச் சாதம் பிற்பகல் வரை தாங்காது.

அப்போதுதான் கல்லூரி முதல்வர் வந்தார். பந்தலைப் பார்த்தார், பொட்டலங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாட்டசாட்டமான கணவர் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டார். சொல்லும்போது அவருக்குக் குரல் உயர்ந்தது. அதிகாலையில் எழுந்த அவர் மனைவியின் உழைப்பு அது, உயரத்தான் செய்யும்.

"யாரு எழுதுன அறிவிப்பு இது?" என்றார் முதல்வர்.

வகுப்புத் தலைவி ஷாமினி பயந்துபோய், "தனம் அக்கா, சார்," என்றாள். குழுவில் இருந்தது அவர் பெயர்தானே.

நான் வாயைத் திறந்தேன். அதே நேரம் ஒரு காவடியோடு உறுமி மேளம் பந்தலைக் கடந்தது. யார் பேசினாலும் கேட்காது. மேளம் போகட்டும், பிறகு சொல்லலாம் என்று நின்றேன். மேளம் போயிற்று. நான் வாயை மூடிக்கொண்டேன். ஏன் என்று இத்தனை ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. அந்த வட்டாரத்தில் இலக்கணம் என்றால் என் பெயரைத்தான் சொல்வார்கள். அவ்வளவுதான்.

தனம் அக்கா முன்னால் வந்தார். "நான்தான் சார். மன்னிச்சுக்குங்க. எனக்கு எழுத்து சரியா வராது." கணவரைப் பார்த்தும் கும்பிட்டார். "மன்னிச்சுக்குங்க தம்பி."

அவர் எனக்காகப் பழியை ஏற்றுக்கொண்டார் என்று நினைக்காதீர்கள். அதைவிட மோசமானது நடந்தது. தவறு தம்முடையதுதான் என்று அவர் உண்மையாகவே நம்பினார். டீச்சர் திருத்திய வாக்கியம் தப்பாக இருக்க முடியாது, தாம் தட்டும்போது எதையோ கெடுத்திருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார்.

முதல்வர் பெருமூச்சு விட்டார். "எழுதுனது யாரோ இருக்கட்டும். தைப்பூசத்துல சோத்தக் கொட்டுனோம்னா அடுத்த வருஷம் நம்ம பந்தலுக்கு யாரும் ஒரு பிடி அரிசி தர மாட்டாங்க. மதியத்துக்குள்ள இத்தனையும் யாராவது சாப்ட்டாகணும்."

நான் கைப்பேசியை எடுத்து, தெரிந்த குழுக்களுக்கெல்லாம் ஒரு செய்தி எழுத ஆரம்பித்தேன். 'தைப்பூசத் திருநாளை முன்னிட்டு எங்கள் கல்லூரிப் பந்தலில் எதிர்பாராத வகையில் மிகுதியாகச் சேர்ந்துள்ள...' மூன்று முறை அழித்து எழுதினேன். தனம் அக்கா தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. இத வாசிச்சு முடிக்கிறதுக்குள்ள சாதம் ஊசிப்போயிடும் லா."

தம் கைப்பேசியை எடுத்தார். அதில் அவருடைய பழைய தொழிற்சாலைத் தோழிகளின் குழு இருந்தது. அவர்களில் சிலர் இப்போது மேற்பார்வையாளர்கள். அவர் தட்டினார்: 'தண்ணீர்மலையில எங்க கிட்ட ஆயிரம் பொட்டலம் எலுமிச்சை சாதம் இருக்கு. சைவம். இன்னிக்குக் காலைல செஞ்சது. ஹாஸ்டல்ல எத்தனை பேர் சாப்பிடுவீங்கன்னு இப்பவே சொல்லுங்க. ஃபேக்டரி பஸ் ஒன்னு அனுப்புங்க. ரோடு அடைச்சிருக்கு, பஸ் உள்ள வராது. பெரிய ரோட்டு முனையில நிக்கட்டும், நாங்க தூக்கிட்டு வர்றோம். பதினோரு மணிக்கு.' அதையே மலாயிலும் ஒரு முறை எழுதி அனுப்பினார்.

ஒரு வாக்கியமும் தொங்கவில்லை. யார், எங்கே, எத்தனை, எப்போது என எல்லாம் இருந்தது. பரீட்சையில் அப்படி ஒரு பத்தி எழுதியிருந்தால் பேச்சுத்தமிழ் என்று சொல்லி நான் மறுபடியும் நான்குதான் போட்டிருப்பேன்.

மூன்றே நிமிடத்தில் பதில்கள் வந்தன. தொழிற்சாலை விடுதியில் ஐந்நூறு பேர் இருக்கிறார்கள், விடுமுறை நாளிலும் ஷிப்ட் ஓடுகிறது. இன்னொரு தோழியின் மகள் வேலை செய்யும் மருத்துவமனையில் துப்புரவுப் பணியாளர்களுக்கு நூற்றைம்பது வேண்டும். வேறொரு தொழிற்சாலையில் முந்நூறு. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. காவடிக் கூட்டம் மலையை நோக்கி ஏற, என் வகுப்புப் பிள்ளைகள் தலையிலும் தோளிலும் பெட்டிகளோடு எதிர்த்திசையில் இறங்கினார்கள். கூட்டத்தில் சிலர் இது ஏதோ புது வகை நேர்த்திக்கடன் என்று நினைத்து வழிவிட்டுக் கும்பிட்டார்கள். வாட்டசாட்டமான கணவர் எல்லாருக்கும் முந்தி இரண்டு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடந்தார். முதல்வர்கூட ஒரு பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். ஒரு மணிக்குப் பந்தலில் இருபது பொட்டலங்கள்தான் மிச்சம். அதையும் நாங்களே உட்கார்ந்து சாப்பிட்டோம். நல்ல சாதம்.

தனம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். முகம் கறுத்துக் களைத்திருந்தது.

"டீச்சர், நான் படிப்புலேருந்து நின்னுக்கிறேன். இந்த வயசுல எழுத்து நமக்கு வராது. இன்னிக்கு சாதம், நாளைக்குப் பிள்ளைங்க விஷயத்துல ஏதாவது தப்பா எழுதிட்டா?"

சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. பக்கத்தில் யாரும் இல்லை, மேளமும் இல்லை. நான் சொன்னது: "அலுப்பா இருக்கீங்க அக்கா. அப்புறம் பேசலாம்."

விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கியபோது அவர் இருக்கை காலியாக இருந்தது. நான் வருகைப்பதிவை எடுத்துவிட்டு அறைக்குப் போய்க் கோப்பைத் திறந்தேன். அவருடைய தாள் இருந்தது. 'எல்லாரும் சேர்ந்து' என்பதன் மேல் சிவப்புக் கோடு, அடித்தவருக்கே பெருமையாக இருக்கும்படி நல்ல நேர்கோடு. அந்தத் தாளை என்னைத் தவிர யாரும் பார்க்கப் போவதில்லை. கிழித்துப் போட்டால் விஷயம் முடிந்தது. உண்மையைச் சொல்கிறேன், குப்பைத்தொட்டியை ஒரு முறை பார்க்கத்தான் செய்தேன்.

பிறகு தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஃபெர்ரி ஏறினேன்.

அவர் வீட்டு முன்கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கலர் பென்சில்களோடு தரையில் கிடந்தார்கள். என்னைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார். "வாங்க டீச்சர், உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா?" உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று நின்றபடியே தாளை நீட்டினேன்.

"நீங்க சரியாத்தான் எழுதியிருந்தீங்க அக்கா. 'எல்லாரும் சேர்ந்து'ன்னு போட்டிருந்தீங்க. நான்தான் வெட்டுனேன். அதனாலதான் எல்லாரும் நூறு நூறா கொண்டாந்தாங்க."

அவர் தாளை வாங்கி வெகு நேரம் பார்த்தார். ஒரு குழந்தை அவர் முட்டியைப் பிடித்து இழுத்தது, அவர் கவனிக்கவில்லை.

"அப்போ நான் எழுதுனது சரியா?"

"அர்த்தம் தெளிவா இருந்துச்சு."

"சரியான்னு கேட்டேன் டீச்சர்."

அந்த நேரத்தில் ஆமாம் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் ஒரு பொய்யைச் சரிசெய்ய இன்னொரு பொய்யோடு ஃபெர்ரி ஏறி வந்ததாக ஆகிவிடும். "பேச்சுத்தமிழ்ல இருந்துச்சு. அறிவிப்புக்கு எழுத்துத்தமிழ் வேணும். அத நான் திருத்துனது சரி. அந்த ரெண்டு சொல்ல வெட்டுனது தப்பு. உங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா வெட்டியிருக்க மாட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, பிள்ளைகளுக்குக் கேட்காமல் சொன்னார். "அத்தன பேருக்கு முன்னால நான் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்பு கேட்டேன். நீங்க பக்கத்துலதான நின்னீங்க."

"ஆமா."

"தெரிஞ்சுக்கிட்டே நின்னீங்களா?"

"ஆமா அக்கா."

அவர் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவர் அப்படிச் சொல்லாதது நல்லது என்று பிறகு தோன்றியது. தரையில் சிதறிய பென்சில்களைப் பொறுக்கி டப்பாவில் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நாளைக்கு வகுப்புக்கு வர்றேன். இத போர்டுல எழுதுங்க, நான் எழுதுனதும் நீங்க எழுதுனதும். பெரிய சாரையும் கூப்பிடுங்க. அந்தத் தம்பிக்கும் நீங்களே போன் பண்ணிச் சொல்லிடுங்க."

அன்று மாலையே அந்தக் கணவருக்குப் போன் செய்தேன். அவர், "என் வீட்டுக்காரிகிட்ட குடுக்குறேன், அவ பேசுவா," என்றார். அவள் என் பழைய மாணவி. நான் அவள் கட்டுரைகளை வெட்டிய காலத்திலிருந்து தொடங்கி நன்றாகவே பேசினாள்.

மறுநாள் வெண்பலகையில் இரண்டு அறிவிப்புகளையும் எழுதினேன். முதல்வர் பின்வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வெட்டியது யார், வாய் மூடி நின்றது யார் என்று முதலில் சொன்னேன். அதைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு நாள் நான் சுமந்த கனத்துக்கு அது மிகக் குறைவான நேரம். பிறகு இரண்டுக்கும் மதிப்பெண் போடும்படி வகுப்பைக் கேட்டேன். பிள்ளைகள் தயங்கினார்கள்.

"போடுங்க," என்றார் தனம் அக்கா. "டீச்சர் நமக்குப் போடறப்ப தயங்குறாங்களா என்ன?"

நீண்ட விவாதம் நடந்தது. மொழி சரி, செய்தி தப்பு என்றால் எத்தனை? செய்தி சரி, மொழி பேச்சுவழக்கு என்றால் எத்தனை? வாக்கியத்தைப் பற்றி என் வகுப்பில் அவ்வளவு ஆர்வமாக யாரும் சண்டை போட்டு நான் அதற்கு முன் கண்டதில்லை. ஷாமினி கடைசியில் தீர்ப்பை வாசித்தாள். தனம் அக்காவுக்கு ஏழு. எனக்கு மூன்று. ஒற்றுப்பிழை இல்லாததற்காக மட்டும் அந்த மூன்று. முதல்வர் பின்னாலிருந்து, "மூணு ஜாஸ்தி," என்றார்.

தனம் அக்காவின் நான்கை ஏழாக்கிக் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தவணையில் அவர் பி வாங்கினார். ஏ கிடைத்திருக்க வேண்டியது, பரீட்சையில் மறுபடியும் ஒரு பத்தி கரை சேராமல் போய்விட்டது. இரண்டு ஆண்டுகளில் டிப்ளோமா முடித்தார்.

அந்த நாளுக்குப் பிறகு மாணவர் தாளில் ஒரு சொல்லை எடுப்பதற்கு முன் எழுதியவரைக் கூப்பிட்டு, இது எதற்கு என்று கேட்கும் வழக்கம் வந்தது. நேரம் பிடிக்கும். ஐம்பது தாள்கள் இருந்தால் ஐம்பது பேச்சு. பாதிப் பேர், "சும்மா போட்டேன் டீச்சர்," என்பார்கள். அதை வெட்டிவிடலாம். மீதிப் பேரிடம் காரணம் இருக்கும். ஆனால் உங்களுக்கு நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், நான் கொஞ்சம் அளவுக்கு மீறியும் போனேன். சூடு கண்ட பயத்தில் கை கூசியது. வெட்ட வேண்டியதைக்கூட விட்டேன். திருத்த வேண்டியதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன். பெருந்தன்மை என்று அதற்கு நானே ஒரு பெயரும் வைத்துக்கொண்டேன்.

ஓய்வு பெறும் வாரத்தில் தனம் அக்கா என்னைப் பார்க்க வந்தார். பாலர்பள்ளிக்கு அனுமதி கிடைத்துவிட்டது, பலகை மாட்டியாகிவிட்டது. வாசலில் ஒட்டுவதற்குப் பெற்றோருக்கான அறிவிப்பை எழுதிக் கொண்டுவந்திருந்தார்.

'தயவுசெய்து பிள்ளைகளைக் காலை எட்டு மணிக்குக் கொண்டு வந்து விடவும். தயவுசெய்து பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து அழைத்து செல்லவும். வேறு யாராவது அழைக்க வந்தால் முன்கூட்டி எனக்கு சொல்லவும்.'

வாசித்தேன். "ரொம்ப நல்லா இருக்கு அக்கா. எல்லாருக்கும் புரியும்."

"புரியும்னு எனக்கே தெரியும். 'அழைத்து செல்லவும்', இங்க ச் வராதா?"

"வரும்."

"'எனக்கு சொல்லவும்'?"

"அங்கயும் வரும்."

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பின்ன ஏன் சொல்லல?" அவருக்கு உண்மையாகவே கோபம். "ஒரு தடவ தப்பா வெட்டிட்டீங்கன்னா இனிமே பேனாவே எடுக்க மாட்டீங்களா? வாசல்ல ஒட்டப்போறேன் டீச்சர். பிள்ளைங்க அதப் பாத்துத்தான் எழுத்துக் கூட்டப் போகுது. திருத்தத்தானே ஃபெர்ரி ஏறி வந்தேன்?"

மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து என் கையில் வைத்தார். நான் இரண்டு இடத்திலும் ச் போட்டேன். பிறகு கேட்டேன்: "'தயவுசெய்து' ரெண்டு தடவ வருது. ரெண்டாவத எடுத்துடலாமா?"

அவர் தாளை வாங்கி, உதடு அசைய ஒரு முறை வாசித்துப் பார்த்தார்.

"வேணாம் டீச்சர், இருக்கட்டும். காலைல எல்லாரும் நேரத்துக்குக் கொண்டாந்து விட்டுடுவாங்க. பகல்ல கூப்பிட வர்றதுக்குத்தான் கெஞ்சணும்."

விட்டுவிட்டேன்.